திருகோணமலையின் சம்மதம்

காலையில் எழும்பி முகம் கழுவுகிறேன். தேத்தண்ணி ஊற்றுகிறேன். என் மனைவி சுலோஜனாவின் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் திறக்கிறேன். துறைமுகத்து வெளிச்சம் யன்னலால் வந்து அவளுடைய கதிரையில் விழுகிறது. சூம் கூட்டத்தில் நான் சேர்ந்ததும் ஒரு கறுப்புக் கட்டம் அவள் பெயரோடு தோன்றுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுயதொழில் படிப்பிக்க, பல்கலைக்கழகங்களும் வர்த்தக சங்கங்களும் நாடளவில் செய்யும் உடன்படிக்கை இன்று முடிவாகிறது. திருகோணமலைக்கு அவள்தான் இணைப்பாளர். மூன்று கிழமைக்கு முன், போன கூட்டம் முடிந்த கையோடு குச்சவெளிக்குப் புறப்பட்டவள் வழியில் விபத்தில் இறந்தாள். அவளுக்குப் பதிலாக நான் சேர்ந்திருக்கிறேன்.

“மிஸ் வந்திட்டா, நேரத்துக்கு நிப்பா,” என்று அவளோடு வேலை செய்த றுவைஸ் கிண்ணியாவிலிருந்து சிரிக்கிறார். உடனே சிரிப்பு நிற்கிறது. “மன்னிச்சிருங்க மதுசன், பேரைக் கண்டதும் மறந்திட்டன். அவ கையெழுத்துப் போடல்ல. சம்மதத்துக்கு ஆதாரம் இல்லாட்டி நம்மட பன்னிரண்டு பள்ளிக்கூடத்தையும் வெட்டிருவாங்க. போன கூட்டத்துப் பதிவைப் போடவா?”

“போடுங்கோ.”

திரையில் இதே மேசை, இதே யன்னல். அவள் இருக்கிறாள். அவளுக்குப் பின்னால் நான் கோப்பையோடு நடந்துபோகிறேன். “ஓம், திருகோணமலைக்குச் சம்மதம்,” என்கிறாள்.

“காணும், சம்மதத்தை எழுதிட்டாங்க. நிப்பாட்டவா?” என்கிறார் றுவைஸ்.

“நிப்பாட்டாதேங்கோ.”

மைக்கை மூட மறந்து அவள் எழும்புகிறாள். கதிரை வெறுமையாகிறது. எங்கிருந்தோ அவள் குரல் வருகிறது.

“இஞ்சேருங்கோ, கதவைப் பூட்டிப்போடாதேங்கோ. நான் திறப்புக் கொத்து எடுக்கேல்ல.”