கணினி மறந்த பேச்சு

"உங்கப்பன் ஓசிச்சோத்துக்குத்தான் இங்க வர்றான்" என்று நேற்று கோபத்தில் சொல்லிவிட்டார் ஞானப்பிரகாசம். இன்று அவர் மனைவி பூங்கொடி பையோடு தங்கை வீட்டுக்குக் கிளம்பி வாசலில் நின்றாள்.

அவர் பதறிப்போய் வீட்டுக் கணினியிடம், "நேத்து நான் பேசினதை அழிச்சிடு" என்றார்.

"அழிச்சாச்சுண்ணா. என்ன பேசுனீங்கன்னே இப்ப எனக்குத் தெரியாது."

"பாத்தியா புள்ள, அதுவே மறந்துருச்சு. நீயும் மறந்துடேன்."

"நான் என்ன மெஷினா? சாகுற வரைக்கும் மறக்காது."

சொல்லிவிட்டாளே தவிர, நேற்றிலிருந்து சாப்பிடாத அவர் முகத்தைப் பார்த்ததும் பையை இறக்கி வைத்துவிட்டுத் தோசைக்கல்லை எடுத்தாள்.

கணினிக்கு ஆச்சரியம். "அழிக்காமலே எப்படிக்கா கோவம் போச்சு?"

"போச்சுன்னு யாருடா சொன்னா? கோவமும் இருக்கு, இந்த மனுஷனும் இருக்காரு. ரெண்டுக்கும் சேத்துத்தான் தோசை."