குளக்கரைப் பேரம்

“உங்க பொண்ணைக் குளக்கரையை விட்டு எந்திரிக்கச் சொல்லுங்க பாய். அது ஒண்ணு போதும்,” என்றார் ரெஜி.

மஜீது பாய் ராயபுரத்தில் வலை, கயிறு, தார்ப்பாய் விற்பவர். கடை ஆட்கள் வெளிவேலையாகப் போயிருந்ததால் தானே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, எதிர்க் கடைக்கு இரண்டு டீ சொன்னார்.

டீ சொன்னால் பேச்சு நீளும் என்று ரெஜிக்குத் தெரியும். அவரும் கடைக்காரர் பிள்ளைதான். நாகர்கோவிலிலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை வைத்த அப்பாவிடம் பேரம் படித்தவர். திருவொற்றியூர்ப் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்று அவரை நிர்வாக அதிகாரியாக வைத்திருப்பதே அந்தச் சாமர்த்தியத்துக்காகத்தான்.

கல்லூரிக்குப் பின்னால் பழைய குளம் ஒன்று இருந்தது. அதை மூடி அரங்கம் கட்ட நிர்வாகம் முடிவு செய்ததும், மஜீதின் மகள் ஹஃப்சாவும் சுற்றுச்சூழல் மன்றத்து மாணவர்களும் கரையில் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். திங்கட்கிழமை தரச்சான்று தர ஆய்வுக் குழு வருகிறது. வருகிறவர்கள் கண்ணில் பந்தல் படக்கூடாது. மற்ற பிள்ளைகளின் பெற்றோரை நேற்று ராத்திரியே போனில் மடக்கியாயிற்று. மஜீது பாய் போனில் மசிகிற ஆள் இல்லை என்பதால், மாதவரத்து வீட்டிலிருந்து கல்லூரிக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருந்தார் ரெஜி.

முதலில் காரத்தை வைத்தார். ஹஃப்சா எழுந்திருக்காவிட்டால் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடைப்பது சிரமம் என்றார். அப்புறம் இனிப்பு. எழுந்துவிட்டால் கடைசி வருடக் கட்டணத்தில் சலுகை உண்டு.

மஜீது டீயை ஆற்றினார். “சலுகையை வுடுங்க சார். நீங்க கேக்கறது என் பொண்ணோட புடிவாதத்தை. அது அவ ஆத்தாகிட்டேர்ந்து வந்தது. இருவது வருஷமா நானே அதை ஜெயிச்சதில்ல. சும்மா தூக்கிக் குடுத்துட முடியுமா?”

“என்ன வேணும், சொல்லுங்க.”

மஜீது ஐந்து விரலையும் விரித்தார். குளத்தை மூடக்கூடாது. விடுதிக் கழிவுநீர் அதில் விழக்கூடாது. குளத்தைப் பராமரிக்கும் வேலை மாணவர்களுக்கே வேண்டும், அதற்கு மதிப்பெண்ணும் தர வேண்டும். கேன்டீனில் பிளாஸ்டிக் கூடாது. கடைசியாக, குளத்துக்கு ஹஃப்சா என்று பெயர் வைக்க வேண்டும்.

ரெஜி சிரித்தார். இறங்கி வருவதற்கென்றே ஏற்றிச் சொல்வது. அப்பா கடையில் பார்க்காத வித்தையா? ஐந்தாவது விரலை முதல் பேச்சிலேயே மடக்கினார். கேன்டீனை எடுத்திருப்பவர் தாளாளரின் மைத்துனர் என்று சொல்லி நான்காவதையும் மடக்கினார். மூன்றாவதற்கு ரெஜியே சம்மதித்தார். மாணவர்கள் பராமரிக்கும் குளம் என்றால் ஆய்வுக் குழுவிடம் காட்டிக்கொள்ளலாமே.

நடுவில் அவர் போன் அடித்தது. கல்லூரி வாட்ச்மேன் உதயா.

“பேரத்துக்கு நடுவுல போன் எடுத்தீங்கன்னா, வெலை ஏறிடும் சார்.”

ரெஜி சிரித்துக்கொண்டே போனின் வாயை அடைத்தார். “குளத்தை மூடலை பாய், சரி. கழிவுநீர் விஷயத்தை அப்புறம் பார்த்துக்கலாமே?”

மஜீது மேல்தட்டைக் காட்டினார். இறால் வலைகள் கட்டுக் கட்டாகத் தூசி படிந்து கிடந்தன. “எண்ணூர் ஆத்துல எறா புடிச்சவன் அத்தினி பேரும் என்கிட்டதான் வலை எடுத்துகினு இருந்தான். ஆத்துல கரண்ட் கம்பெனி சாம்பல் எறங்கிச்சு, அவனையும் காணோம். ஆறு அங்கேயேதான் கீது. யாரும் மூடல. இன்னா பிரயோஜனம்?” குரல் இறங்கியிருந்தது. “நீங்க குளத்தை வுட்டுட்டு சாக்கடையைத் தொறப்பீங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, கலீஜா கீதுன்னு நீங்களே மூடுவீங்க. தண்ணி நல்லா இருந்தாத்தான் சார் அது குளம்.”

ரெஜி டீ கிளாஸைக் கீழே வைத்தார். தாளாளரின் மனத்தில் இருந்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

நாகர்கோவிலில் ஒரு கல்யாண வீட்டில் இருந்த தாளாளரைப் போனில் பிடித்தார். அவர் கத்தினார், முனகினார், கடைசியில், திங்கட்கிழமை அங்கே ஒரு குச்சிகூட இருக்கக்கூடாது, மற்றதை எப்படியோ செய்து தொலையுங்கள் என்று வைத்துவிட்டார். உதயா மறுபடி மறுபடி அழைத்திருந்தது திரையில் தெரிந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மஜீது வாய்வார்த்தையை ஏற்கவில்லை. கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும், பிள்ளைகளும் பெற்றோரும் பார்க்க வேண்டும் என்றார். கல்லூரியின் பெயரில் மூன்று வாக்குறுதிகளையும் தட்டி அனுப்பினார் ரெஜி. மஜீது கண்ணாடி போட்டு அதை எழுத்து விடாமல் படித்துவிட்டுத்தான் கையை நீட்டினார்.

“திங்கக்கெழமை அங்க பந்தல் இருக்காது சார். என் பொறுப்பு.”

ரெஜி நிறைவோடு படி இறங்கினார். ஐந்தில் இரண்டு விரலை மடக்கியாயிற்று. அப்பா இருந்திருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார்.

வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. சுருட்டிய பாயும் வீங்கிய கண்களுமாக ஹஃப்சா இறங்கினாள். பின்னால் கயிறும் தார்ப்பாயுமாகக் கடை ஆட்கள் இரண்டு பேர்.

“வாட்ச்மேன் அண்ணன் சொல்லலையா சார்? காலையில போய்ப் பார்த்தா, பந்தல்ல ஒருத்தர்கூட இல்ல. எல்லாரையும் வீட்டுல நிறுத்திட்டாங்க. நான் மட்டும் உக்காந்து என்ன பண்றது? தோத்துட்டோம் சார்,” என்றாள்.

ரெஜி கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “இது... உங்க அத்தாவுக்குத் தெரியுமா?”

“அழுதுகிட்டே அவருக்குத்தான் முதல்ல போன் பண்ணேன். பந்தலைப் பிரிக்கக் கடை ஆளுங்களை அனுப்பி வெச்சதே அவர்தான் சார்.”