வரம்புக்கு மேல்

மகள் இறந்த பிறகு அவளுடைய கணினியில் ஒரு கோப்புறை மட்டும் திறக்கவில்லை. கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் நிரலை ஓடவிட்டார் தணிகாசலம். முடியப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகும் என்றது திரை. அவருக்கு வயது அறுபத்தெட்டு. அதை விரைவுபடுத்தும் வழியை இரண்டு நாள் படித்துவிட்டு, கணினியின் மூளையான பிராசஸரின் வேகத்தை முதல்முறையாக அதன் வரம்புக்கு மேல் ஏற்றினார்.

“இப்ப எவ்வளவு காட்டுது?” என்றாள் மனைவி அமிர்தவல்லி.

“பதினாலு வருஷம்.”

“அதுவரைக்கும் நாம இருக்க வேணாமா?”

“மாத்திரையை ஒளிச்சு வைக்காம முழுங்கு. நீ இருப்பே.”

“என்னைச் சொல்ல வந்துட்டீங்க. உங்க லட்சணம் எனக்குத் தெரியாதா?”

இன்னும் ஒரு படி ஏற்றினார். பதினோரு ஆண்டுகள் என்று மாறியது. உள்ளே விசிறி இரைந்தது. வெப்பம் தொண்ணூற்றாறு டிகிரியைத் தொட்டது. அவள் கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

“ஐயோ, கொதிக்குதுங்க. குறைச்சிடுங்க. திறக்காட்டிப் போகுது.”

“குறைச்சா, திறக்கிறதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன், வல்லி.”

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் நனைத்துப் பிழிந்த துணி இருந்தது. தணிகாசலம் தடுக்கவில்லை. நாற்காலியை நகர்த்தி, கொதிக்கும் பெட்டியருகே அவளுக்கு இடம் விட்டார்.