லாரிக்குப் போகும் பெட்டி

ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஸ்ட்ராஸ்பூர்க் கட்டடத்தில், எட்டாவது மாடியில் வியாழக்கிழமை மாலை வெயில் கண்ணாடி வழியாகச் சாய்ந்து விழுகிறது. கூட்டம் முடிந்துவிட்டது. நீண்ட நடைவழியில் ஒவ்வோர் உறுப்பினரின் அறை வாசலிலும் கோப்புகள் அடைத்த பெட்டி ஒன்று பிரஸ்ஸல்ஸ் போகும் லாரிக்காகக் காத்து நிற்கிறது. மாதம் தவறாமல் நான்கு நாள் கூட்டத்துக்காகப் பெட்டிகள் பிரஸ்ஸல்ஸ் அலுவலகத்திலிருந்து இங்கே வரும், முடிந்ததும் திரும்பிப் போகும். பசுமைக் கட்சி ஹெட்விக் இருபது வருடங்களுக்கு முன் இந்த அவையில் எழுந்து பேசிய முதல் பேச்சே இந்த லாரிகளை நிறுத்தச் சொல்லித்தான். வரும் தேர்தலில் அவள் நிற்கவில்லை, இன்றோடு சரி. முதுகுப் பையை மாட்டிக்கொண்டு, தன் பெட்டி மூடியில் ஒட்டிய, கட்சிச் சின்னமான சூரியகாந்திப் படத்தை நகத்தால் சுரண்டுகிறாள். பாதி இதழ்கள்தான் உரிந்து வருகின்றன. தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டபடி நெருங்குகிறது. சுமை தூக்கும் மொரான் கைப்பிடியை லேசாக அசைத்துப் பார்க்கிறார்.

“என்ன மேடம், பெட்டி காத்தாட்டம் இருக்கு?”

“எல்லாம் பையில இருக்கு மொரான். ரயில்ல போறேன். பெட்டி இங்கயே கெடக்கட்டுமே.”

“அதெப்படி? நம்பர் போட்ட பெட்டி. காலியா இருந்தாலும் லாரி ஏறித்தான் ஆகணும்.”

ஹெட்விக் வாய்விட்டுச் சிரிக்கிறாள். “அப்போ இருபது வருஷத்துல கனத்தையாவது கொறைச்சிருக்கேன்.”

மொரான் சிரிக்கவில்லை. ஒரு கையே போதும். ஆனாலும் முழங்காலை மடக்கிக் குனிந்து, இரண்டு கைகளாலும் அணைத்து, கோப்புகள் நிறைந்த பெட்டியைத் தூக்குவதுபோலவே அதைத் தூக்கி வண்டியில் வைக்கிறார்.