தாடைத் தழும்பு

எகிப்தின் கரானிஸ் ஊரில் காலை வெயில் ஜன்னல் வழியே இறங்கி, வாலென்ஸின் வழுக்கைத் தலையில் எண்ணெய் தடவியதுபோல் மினுங்குகிறது. ரோமப் படையிலிருந்து ஓய்வுபெற்ற அவர் முக்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். எதிரே கிரேக்க ஓவியன் மேலாஸ், கனல்மேல் உருகும் வண்ண மெழுகைத் தொட்டுத் தொட்டு, மரப்பலகையில் அவர் முகத்தைத் தீட்டுகிறான். அறையெங்கும் தேன்கூட்டு வாசனை. படம் அவர் இருக்கும்வரை சுவரில் தொங்கும். போனபின் துணி சுற்றிய உடலின் முகத்தில் வைத்துக் கட்டுவார்கள். இங்கே அதுதான் வழக்கம்.

"படம் சுவருக்கு மட்டும்தான். என்னை எங்க ரோம ஆளுங்க மாதிரி எரிச்சிடணும்," என்கிறார் வாலென்ஸ்.

பேரீச்சம்பழத்தில் கொட்டை நீக்கிக்கொண்டிருக்கும் அவருடைய எகிப்திய மனைவி தாமிஸ்தா நிமிர்கிறாள். "எரிச்சிட்டா, அந்த உலகத்துக்கு வந்து நான் எதைப் பார்த்து உங்களைத் தேடுறது? ஒவ்வொரு சாம்பலா ஊதிப் பாக்கவா?"

"செத்த பிறகாவது நிம்மதியா இருக்கலாம்னு பார்த்தேன்."

"அதுக்கு வேற பொண்டாட்டி கட்டியிருக்கணும்."

மேலாஸ் சிரிப்பை அடக்கியதில் ஒரு சொட்டு மெழுகு அவன் மடியில் விழுகிறது. வாலென்ஸ் பலகையை எட்டிப் பார்க்கிறார். அவரே கேட்டுக்கொண்டபடி தாடைத் தழும்பை விட்டுவிட்டு, கிரேக்கக் கோயில் சிலைபோல வழவழவென்று தீட்டியிருக்கிறான். தாமிஸ்தா இந்தப் பக்கமே திரும்பாமல், கொட்டை எடுத்த பழத்திலேயே மறுபடியும் கொட்டையைத் தேடுகிறாள்.

"தழும்பைப் போட்டுடு, மேலாஸ்," என்கிறார் வாலென்ஸ் மெதுவாக. "இல்லாட்டி இவ அங்க வந்து, நான்னு நெனச்சு வேற எவனையாவது திட்டிக்கிட்டு இருப்பா."