முடி வேலி

சலூன் சாக்கிலிருந்து முடியைப் பிடி பிடியாக அள்ளி, டேலியாத் தொட்டிகளைச் சுற்றித் தூவிக்கொண்டிருந்தேன். விரலில் ஒட்டினால் லேசில் விடாது.

"தாராளமாப் போடும்மா. நம்ம வீட்டுல முடிக்கா பஞ்சம்?" என்றார் அத்தை, படியில் உட்கார்ந்தபடியே.

என் வீட்டுக்காரர் முடி வெட்டுகிறவர். மனுஷ வாடை அடித்தால் அணில் கிட்ட வராது என்று கடையில் யாரோ சொல்லப்போக, அன்றிலிருந்து வெட்டுகிற முடியெல்லாம் அத்தையின் பூச்செடிக்குத்தான்.

அந்த அணில் அப்படி. மொட்டு திரளும்வரை பொறுமையாகக் காத்திருந்து, விரியப் போகும்போது கொறித்துப் போட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை தெருவில் பூப்போட்டி. போன வருஷம் எதிர்வீட்டுத் தையல்கார அக்கா முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனதிலிருந்து அத்தைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

இதில் புதுத் தலைவலி வேறு. சாயங்காலம் போடுகிற முடி, காலையில் இருப்பதில்லை. துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது தரை.

"வேற யாரு? அந்த எதிர்வீட்டுக்காரிதான். நம்ம பூவை அணில் தின்னட்டும்னு வேலியைப் பிரிக்கிறா. நாளைக்கு விடியறப்ப ஒளிஞ்சு நின்னு கையும் களவுமா பிடி. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

"நானா அத்தை?"

"பின்ன நானா? எனக்கு இருமல் வந்து காட்டிக் குடுத்துடும்."

மறுநாள் கதவிடுக்கில் நின்றேன். அத்தை சொன்னது சரிதான். அக்கா சின்னத் துடைப்பத்தோடு பூனை மாதிரி வந்தார். ஒரு முடி விடாமல் கூட்டி அள்ளினார்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஒருத்தர் முன்னாலும் அப்படித்தான். எப்படியோ வெளியே போய், "அக்கா... இது நியாயமா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா முகம் வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

அவர் வீட்டு ஜன்னல் மூலையில் ஒரு அணில் கூடு. உள்ளே கண் திறக்காத குட்டிகள். கூடு முழுக்க எங்கள் கடை முடி.

"மெத்துனு இருக்கேன்னு தூக்கிட்டு வந்துடுது. இந்தக் குட்டியைப் பாரு. கால்ல முடி சுத்தி இறுகிப் போச்சு. நேத்து நூல் வெட்டற கத்தரியால எடுத்துவிட்டேன். இல்லேன்னா காலே போயிருக்கும்."

ஒருமுறை என் மகனின் கால் விரலில் என் தலைமுடியே சுற்றிக்கொண்டு, ஏன் அழுகிறான் என்று தெரியாமல் நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும்.

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொன்னா உன் மாமியார் ஒட்டடைக் கம்போட வந்து நிப்பாங்க. இதுங்களைக் காட்டிக் குடுக்கறதுக்குப் பதிலா, என்னைப் பொறாமை பிடிச்சவள்னு பேசினா பேசிட்டுப் போகட்டும். இதுங்க கண்ணு திறந்து ஓடற வரைக்கும்தானே?"

அதற்குள் எங்கள் வீட்டுக்குள்ளிருந்து குரல். "என்னடி, பிடிச்சியா?"

அக்கா என் முகத்தையே பார்த்தார்.

"பிடிக்க ஒண்ணுமில்லை அத்தை! நான்தான் கூட்டி அள்ளிடறேன். உங்க பேரன் தவழ்ந்து வந்து முடியை வாயில போட்டுக்கறான். சொல்லப் பயமா இருந்துச்சு!"

"அடிப்பாவி! வாயைத் திறந்து சொன்னா என்ன? இனிமே ஒரு முடி வாசல்ல இருக்கக் கூடாது, ஆமா!"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வாயில்லாப் பூச்சின்னு நினைச்சேன். என்னமா அளக்கறே!"

எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கவலையும். "ஆனா அக்கா, முடி இல்லேன்னா அணில் மறுபடி எங்க மொட்டுக்கு வந்துடுமே?"

"இந்த வாரம் பூரா பகல்ல முடி இருந்துச்சா? ஒரு மொட்டாவது போச்சா?"

போகவில்லை. அப்போதுதான் எனக்கே உறைத்தது.

அக்கா கம்பிக்குள் கை விட்டு ஜன்னல் திரையை விலக்கினார். திரைக்குப் பின்னால், கூட்டை ஒட்டினாற்போல அவருடைய டேலியாத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒன்றில்கூட முழுசாக ஒரு மொட்டு இல்லை.

"பால் குடுக்கறவளுக்குப் பசிக்கும் இல்ல? பக்கத்துலயே கிடைச்சா அவ எதுக்குத் தெருவைத் தாண்டப் போறா?"

"அப்போ ஞாயித்துக்கிழமை போட்டிக்கு நீங்க..."

அதற்குள் எங்கள் வீட்டுப் பக்கமிருந்து அத்தையின் குரல். "ஏம்மா, எங்க போயிட்டே? ஓடி வா! பெரிய மொட்டு விரிஞ்சிருக்கு! எதிர்வீட்டுக்காரி பார்த்து வயிறெரியறதுக்குள்ள மூடி வைக்கணும்!"