பெட்டிப் பந்தயம்

“தூக்காத தம்பி, அப்படியே தள்ளு! ஒயரு கியரு எதையும் கழட்டாத. நல்ல நேரம் முடியப் போவுது!”

பக்கிரிசாமி போட்ட சத்தத்தில், மேஜைக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு கம்ப்யூட்டர் பெட்டிகளையும் வேணு அவசர அவசரமாக இடம் மாற்றினான். ஸ்டூடியோவின் தென்மேற்கு மூலை முதலாளிக்கு உரியதாம். அங்கே போய் வேணுவின் பெட்டி உட்கார்ந்திருக்கலாமா?

பெண் கேட்டு வந்தவனுக்கு சொஜ்ஜியும் பஜ்ஜியும் கொடுத்து உட்கார வைப்பதுதான் வழக்கம். நகரி வட்டாரத்தில் கல்யாண வீடியோ எடுத்தே பேர் வாங்கிய பக்கிரிசாமி, பந்தயம் வைத்தார்.

வேணுவுக்குத் திருப்பதியில் தொழில். பெரிய ஆபீஸ்களில் கழித்துப் போடும் பழைய சர்வர் கம்ப்யூட்டர்களைப் பிரித்து, அவற்றின் மூளையான பிராசஸரைப் போட்டுக் கம்ப்யூட்டர் செய்து விற்பான். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று பக்கிரிசாமியின் மகள் தரணி சொன்ன நாளிலிருந்து, அவருக்கு சர்வர் என்ற பேரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

“ஊரான் கழிச்சிப் போட்டத வெச்சிக்கினு பொழைக்கிறவனுக்கு எம்பொண்ணா? என் பொட்டியும் பழசுதான். ஆனா கடையில நானே போயி புத்தம் புதுசா வாங்கின டெஸ்க்டாப்பு. அத உன் சர்வரு ஜெயிக்கட்டும், பொண்ணத் தர்றேன். தோத்தா இந்தப் பக்கம் தலை வெச்சிக்கூட படுக்கக் கூடாது. அந்தே, அவ்ளோதான்!”

“சரிங்க சார்” என்றான் வேணு. “உங்க பிராசஸர்ல நாலு கோர் கீது. கோருன்னா உள்ள வேலை செய்யற ஆளுன்னு வெச்சிக்கோங்க. பந்தியில நாலே பேரு, ஆனா பறந்து பறந்து பரிமாறுவாங்க. என்துல பதினாலு பேரு. ஒவ்வொருத்தரும் நிதானம்தான். ஆனா பதினாலு பேரும் எறங்கினா பந்தி எப்ப முடியும் பாருங்க!”

“பதினாலு சோம்பேறிங்கள வெச்சிக்கினு என்னா பண்றது? எலையில சோறு வுழறதுக்குள்ள சாம்பாரு ஆறிப்பூடும்!”

சத்தியவேட்டில் எடுத்த ஒரு கல்யாண வீடியோ, இரண்டு பெட்டிகளிலும் ஏற்றித் தயாராக இருந்தது. எது முதலில் அதை முழுப் படமாக்கி முடிக்கிறதோ அதற்கு வெற்றி. தரணி இரண்டு கீபோர்டுகளையும் ஒரே நேரத்தில் தட்டினாள்.

வேணுவின் பெட்டி கிரைண்டர் மாதிரிக் கத்த ஆரம்பித்தது. சுவரில் மாட்டியிருந்த இரண்டு மானிட்டர்களிலும், வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைக் கோடு நகர்ந்தது. பக்கிரிசாமி தன் பெட்டிக்கு நேர் மேலே பார்த்தார். கோடு ஓட்டமாக ஓடியது. வேணு தன் பெட்டிக்கு நேர் மேலே பார்த்தான். கோடு ஊர்ந்துகொண்டிருந்தது.

“ஏமே சுந்தரி, எம்புள்ள எப்டி ஓடறான் பாத்தியா!” என்று பெட்டியைக் காட்டி மனைவியிடம் குதித்தார் பக்கிரிசாமி.

“பெத்த புள்ள மூஞ்சியக் கொஞ்சம் பாருய்யா. காலையிலேர்ந்து ஒரு வாய் துன்னல அவ” என்றாள் சுந்தரி, பஜ்ஜித் தட்டை ணங்கென்று வைத்துவிட்டு.

“நைனா, இன்னொரு தபா வெச்சிப் பாக்கலாமே?” என்றாள் தரணி.

“பந்தயத்துல ஏதும்மா இன்னொரு தபா?”

சொல்லி வாய் மூடவில்லை. பச்சைக் கோடு முனையைத் தொட்டது. பக்கிரிசாமி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து கை தட்டினார். அதே நேரம் வேணுவின் பெட்டி கத்துவதை நிறுத்தி அடங்கிப் போனது.

“தோ பார்றா! என் பொட்டி ஜெயிச்சதப் பாத்து உன்து வாயயே மூடிக்கிச்சி!” வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

வேணு நிமிர்ந்து பார்த்தான். அவன் பக்கத்து மானிட்டரில் கோடு இன்னும் பாதியைக்கூடத் தாண்டவில்லை. அதற்குமேல் பார்க்க அவனுக்கு மனசு வரவில்லை.

“தோத்துட்டேன் சார். சொன்ன சொல்லு சொல்லுதான், இனிமே வரமாட்டேன். உங்க பொட்டி நல்ல பொட்டி. தரணிதான் பாவம், அவள ஒண்ணும் திட்டாதீங்க.”

தரணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சுந்தரி புருஷனை எரித்துவிடுவதுபோல் முறைத்தாள். பையன் பேசின விதம் பக்கிரிசாமிக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. ஆனால் வாய்விட்டுச் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது? மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

வேணு மேஜைக்கு அடியில் குனிந்தான். எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று, தன் பெட்டியின் பவர் ஒயரைப் பிடுங்கினான்.

பக்கிரிசாமிக்கு நேர் மேலே, ஜெயித்த மானிட்டர் சட்டென்று இருண்டு போனது. தோற்ற மானிட்டரில் பச்சைக் கோடு அது பாட்டுக்கு ஊர்ந்துகொண்டே இருந்தது.

பக்கிரிசாமி இருண்ட மானிட்டரைப் பார்த்தார். வேணுவின் கையிலிருந்த ஒயரைப் பார்த்தார். குனிந்து, இடம் மாற்றியபோது கழட்டாமல் விட்ட மானிட்டர் ஒயர்கள் ஒன்றுக்கொன்று குறுக்கே கிடப்பதைப் பார்த்தார். தென்மேற்கு மூலையில் உறுமிக்கொண்டிருந்த தன் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். அது இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது.

பிறகு பஜ்ஜித் தட்டை எடுத்து, இரண்டு கையாலும் அவன் முன்னால் நீட்டினார்.

“ஒயர மறுபடி சொருவிட்டு, உக்காந்து துன்னுங்க மாப்ள.”